முடுக்கின் அகலம்

பெரியதுறையில் பெண் குழந்தை பிறந்தால், பெயர் வைப்பதற்கு முன்பே கடற்கல்லுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தீவுப் பக்கமிருந்து வள்ளத்தில் வந்து இறங்கும் அந்தக் கல், உப்பு ஊறிய கல். தோட்டத்தில் குவித்துப் போட்டு, பத்துப் பதினைந்து வருடத்து மழை கழுவினால்தான் அது சுவருக்கு ஆகும். அவசரப்பட்டுக் கட்டினால் அந்தச் சுவர் ஆயுள் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும். ஆண் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த வேலை மிச்சம். அவன் நிக்காஹ் முடிந்த அன்றே இன்னொருத்தி வீட்டுக்குக் குடிபோகிறவன். வீடு பெண்ணுக்குத்தான். வீடு இல்லாத பெண்ணை அந்த ஊரில் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அவள் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், எவ்வளவு நன்றாக ஓதினாலும், அதுதான் நடப்பு.

நஃபீசாவின் தோட்டத்தில் பதினெட்டு வருடமாக ஒரு கல் குவியல் கிடந்தது. அது அவளுடைய இளைய மகள் நூர் நிஷாவின் கல். கோழிகள் அதன் இடுக்கில் முட்டையிட்டன, நூர் நிஷா அதன்மேல் ஏறி விளையாடி வளர்ந்தாள். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் கபீருக்கு அவளைக் கேட்டு வந்தபோது, கபீரின் உம்மா பெண்ணைப் பார்த்ததைவிடக் கல்லை அதிக நேரம் பார்த்தாள். ஒரு சில்லை உடைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "உப்பு போயிருச்சு. ஆரம்பிச்சுரலாம்" என்றாள். வரும் ஷவ்வால் மாதத்தில் கபீருக்கு விடுமுறை. அதற்குள் வீடு எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மனை ஒன்றுதான். நஃபீசாவின் உம்மா அதைத் தெருவிலிருந்து உள்ளே உள்ளே என்று மூன்றாகப் பிரித்துவைத்துவிட்டுப் போயிருந்தாள். தெருவைப் பார்த்த முன்வீடு நஃபீசாவின் அக்கா ஆமினாவுக்கு. அதன் முதுகோடு ஒட்டிய நடுவீடு நஃபீசாவுக்கு. அதற்கும் பின்னால் இரண்டரை சென்ட் தோட்டம். நஃபீசா நடுவீட்டை மூத்த மகள் காலிதாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அடுப்படியை ஒட்டிய அறையில் பாயை விரித்துக்கொண்டாள். தோட்டம் நூர் நிஷாவுக்கு. ஊர் முழுக்க இதே கதைதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். விரிய இடமில்லாத ஊர், வீட்டுக்குப் பின்னால் வீடாக உள்ளுக்குள்ளேயே நிரம்பிக்கொண்டிருந்தது.

நடுவீட்டு ஆண்கள் தெருவுக்குப் போக வேண்டுமானால் முன்வீட்டு நடை வழியாகத்தான் போக வேண்டும். தெருவில் போகிறவன் கண் உள்ளே விழக் கூடாது என்று அந்த நடையை நேராக விடாமல், நடுவில் ஒரு திருப்பம் வைத்துக் கட்டியிருந்தார்கள். பெண்களுக்கு வேறு வழி இருந்தது. தோட்டங்களின் பின்மதிலுக்கும் அடுத்த தெருத் தோட்டங்களின் பின்மதிலுக்கும் நடுவே, பெண்கள் தொழுகிற தைக்காவிலிருந்து பள்ளிவாசல் தெரு வரைக்கும் ஓடிய சந்து அது. முடுக்கு என்பார்கள். முடுக்கில் ஆண்கள் நடக்க மாட்டார்கள். ஏழு வயது தாண்டிய பையன்கூட உள்ளே வர மாட்டான். அதனால் அங்கே தலையில் துணி நழுவினால் யாரும் பதறி எடுத்துப் போட வேண்டியதில்லை. குளித்த தலையை உலர்த்திக்கொண்டே நடக்கலாம், பிள்ளைத்தாய்ச்சிகள் மாலையில் காலாற உலாவலாம், சத்தம் போட்டுச் சிரிக்கலாம். முடுக்கு வாயைக் கடக்கிற ஆண்கள் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போவார்கள். அப்படித் திருப்பித் திருப்பி, அங்கே ஒரு வழி இருக்கிறது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

கபீர் வீட்டார் வந்து கேட்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1959 மாசி மாதம். நஃபீசாவின் கணவர் சீனி முகம்மது காய்ச்சலோடு தனுஷ்கோடியில் போட்டைவிட்டு இறங்கி ஊருக்கு வந்தார். பன்னிரண்டாம் நாள் நடுவீட்டு முற்றத்தில் மௌத்தானார். ஆறடிக்கு மேல் ஓங்குதாங்கான ஆள். குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, மையித்தை எடுத்துப்போகும் மரப்பெட்டியான சந்தூக்கைப் பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்தார்கள். காலிப் பெட்டியை நட்டுக்குத்தலாக நிமிர்த்தித் தூக்கி உள்ளே கொண்டுவந்துவிட்டதால், வரும்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

போகும்போது முன்வீட்டு நடையின் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. முன்னால் தள்ளினார்கள், பின்னால் இழுத்தார்கள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கலிமா சொல்லிக்கொண்டிருந்த குரல்கள் நின்று, "மெல்ல, மெல்ல" என்ற குரல்கள் எழுந்தன. முன்கொம்பைத் தாங்கியிருந்த நஃபீசாவின் தம்பி ஹமீது சுல்தான்தான் கடைசியில் சொன்னான்.

"சாய்ங்க. ஒரு பக்கமாச் சாய்ங்கப்பா."

சாய்த்தார்கள். உள்ளே மையித்து புரண்டு பலகையில் மோதிய சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம்தான். நஃபீசா நடுவீட்டுப் பின்வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தோட்டம் முழுக்க, முடுக்கு வரைக்கும் பெண்கள். அத்தனை அழுகைக்கு நடுவிலும் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. இருபத்து மூன்று வருடம் அவளோடு வாழ்ந்த மனிதர், பிறருக்கு ஒரு தொந்தரவும் கொடுத்தறியாதவர், தன் கடைசிப் பயணத்தில் ஒரு மூட்டையைப் போலப் புரட்டப்பட்டார். அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் இருந்தபோது பார்க்க வந்த தம்பியிடம் அவள் அதிகம் பேசவில்லை.

"நீ பஞ்சாயத்துத் தலைவரா இருக்கியே தம்பி. இந்த ஊர்ல இனிமே ஒரு மையித்தும் சாஞ்சு போகக் கூடாது. அதுக்கு ஏதாவது பண்ணு" என்றாள்.

ஹமீது சுல்தான் பண்ணினான். அவன் சொன்ன சொல்லை மறக்கிற ஆளில்லை. பஞ்சாயத்து ஓவர்சியர் முத்தழகுவைப் பள்ளிவாசல் முற்றத்துக்கு அழைத்துப்போய், காலிச் சந்தூக்கை நான்கு பேரைத் தோளில் தூக்கச் சொன்னான். பக்கத்துக்கு ஒருவர் கைமாற்றிக்கொள்ள வந்து நிற்கவும் இடம் விட்டு அளந்தபோது ஆறடி வந்தது. அதுவே சட்டமானது. பழைய தெருக்களில் பிரித்துக் கட்டுகிற எந்த மனையும் இரண்டு சென்டுக்குக் குறையக் கூடாது. அந்த மனையிலிருந்து ஆறடிக்குக் குறையாத பாதை ஒன்று, பஞ்சாயத்து வரைபடத்தில் உள்ள தெருவுக்கோ சந்துக்கோ போய்ச் சேர வேண்டும். பாதை இல்லாத மனைக்கு அனுமதி இல்லை. ஒருவர்கூட எதிர்த்துப் பேசாமல் தீர்மானம் நிறைவேறியது. எல்லோர் வீட்டிலும் ஒரு திருப்பம் இருந்தது, எல்லோருக்கும் அந்தச் சத்தம் நினைவிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, நூர் நிஷாவின் வீட்டுக்காக நஃபீசா கொடுத்த மனு திரும்பி வந்தது. "மனைக்குப் பாதை இல்லை" என்று முத்தழகு சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"பாதை இல்லையா? தோட்டத்துக் கதவைத் தெறந்தா முடுக்கு. அந்த மனுசன் எதைப் பாத்து எழுதுனாரு?" என்று கேட்டாள் நஃபீசா.

ஹமீது சுல்தான் வரைபடத்தையே எடுத்துக்கொண்டு வந்திருந்தான். நடுவீட்டுக் கூடத்தில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு செம்பை வைத்தான். நஃபீசா தான் பிறந்த ஊரை முதன்முதலாகக் காகிதத்தில் பார்த்தாள். தம்பி காட்டக் காட்ட, பள்ளிவாசலைக் கண்டுபிடித்தாள், கடைத்தெருவைக் கண்டுபிடித்தாள், முன்வீட்டைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து விரலை உள்ளே நகர்த்தினாள். நடுவீடு, தோட்டம், அதற்குப் பின்னால் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த தெருக்காரர்களின் தோட்டம். தினமும் நாலு தடவை அவள் நடக்கிற முடுக்கு, உம்மா கைபிடித்து நடத்திய முடுக்கு, அங்கே இல்லவே இல்லை.

"எங்கனப்பா போச்சு?"

"ஓவர்சியர் வெளியூர்க்காரரு, லாத்தா. பரமக்குடி ஆளு. நம்ம ஆளுகதான் கூடப் போயி ஒவ்வொரு தெருவாக் காட்டுனாக. முடுக்கு வாயில வந்தப்ப, அங்கன ஒண்ணுமில்ல, பொம்பளைங்க பொழங்குற எடம்னு சொல்லித் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாக. நானும்தான் கூட இருந்தேன்." அவன் குரல் இறங்கியது. "எனக்கும் தோணல லாத்தா."

பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் முடுக்கு இல்லாமல் ஒரு நாள் சோறு தின்றிருக்க முடியாதவர்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீர், கொடுக்கல் வாங்கல், பிள்ளைப்பேறு, கல்யாணப் பேச்சு எல்லாம் அதன் வழியாகத்தான் வந்தது. அப்படிப்பட்டதைத்தான் ஒண்ணுமில்லை என்று கைகாட்டி விட்டிருந்தார்கள்.

"நீ மனசைப் போட்டு ஒழப்பிக்காத" என்றான் ஹமீது சுல்தான். "மனுவைக் கொடு. நான் கையெழுத்துப் போட்டுர்றேன். தலைவர் போட்டா ஓவர்சியர் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நூர் நிஷா எனக்கும் மகதான்."

நஃபீசாவுக்கு ஆசையாக இருந்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லலாம். அவள் மனுவை எடுத்து நீட்டக்கூடச் செய்தாள். ஆனால் விரல் விடவில்லை.

"எனக்குப் போட்டா, நாளைக்கு அடுத்தவுகளுக்கும் போடணும்ல?"

"போடத்தான் வேணும்."

"அவுக மனைக்குப் பின்னால முடுக்கு இருக்குமா?"

"எல்லாத்துக்கும் இருக்காது."

"அப்ப மறுபடியும் சாய்ப்பாக."

ஹமீது சுல்தான் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நஃபீசா மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேணாம் தம்பி. நான் கேட்டு நீ போட்ட சட்டம். நானே அதை ஒடைக்கக் கூடாது. வேற வழி சொல்லு."

வேறு வழி ஒன்றுதான். முடுக்கை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் தோட்டத்துக்குப் பாதை வந்துவிடும். ஆனால் ஏற்றிய அன்றிலிருந்து அது பஞ்சாயத்துச் சந்து. விளக்குக் கம்பம் நடுவார்கள், கூட்டிப் பெருக்க ஆள் வருவான், யார் நடந்தாலும் ஏன் என்று கேட்க முடியாது. ஹமீது சுல்தான் இதை மறைக்கவில்லை.

நஃபீசா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மகளுக்கு வீடு வேண்டும். அதற்கு விலை முடுக்கு என்றால், அது அவள் ஒருத்தியுடைய பொருள் இல்லை. முதலில் அக்காவிடம்தான் போனாள். ஆமினாவிடம் சொன்னதும் ஆமினா வெற்றிலைப் பெட்டியைப் படாரென்று மூடினாள்.

"உனக்குப் பைத்தியமாடி? உன் ஒரு மகளுக்காக நாப்பது வீட்டுப் பொம்பளைங்க முக்காடு போட்டுக்கிட்டு மொடங்கிக் கெடக்கணுமா? ஒரு பிள்ளைத்தாய்ச்சி காலாற நடக்க எங்கன போவா?"

"என் ஒரு மக இல்ல, லாத்தா. உன் பேத்திக்கும் கல்லு போட்டு வெச்சிருக்கியே, அது எங்கன நிக்கும்? பின்னால தோட்டம் வெச்சிருக்குற ஒவ்வொருத்திக்கும் இந்தக் கதிதான். காகிதத்துல முடுக்கு இல்லைனா ஒருத்தியும் கட்ட முடியாது."

"அதுக்கு அந்தச் சட்டத்தத் தூக்கிக் கடல்ல போடச் சொல்லு உன் தம்பிய!"

"அந்தச் சட்டம் யாருக்காக வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

ஆமினாவுக்குத் தெரியும். அந்தச் சத்தம் அவள் வீட்டு நடையில் எழுந்தது. இரண்டு வருடமாக அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போது அவள் நெஞ்சுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டுதான் கடக்கிறாள். தங்கையிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளாமலே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லுஹர் தொழுகை முடிந்து தைக்காவைவிட்டு வெளியே வந்த பெண்கள் முடுக்கிலேயே கூடினார்கள். நஃபீசா விஷயத்தைச் சொன்னாள். சத்தமாகப் பேசுகிறவள் இல்லை, சொல்லி முடிக்க நேரமானது. முதலில் கோபம் வந்தது, பிறகு ஆளாளுக்குத் தங்கள் தோட்டத்துக் கல் குவியலை நினைத்துக்கொண்டார்கள், கூட்டம் அடங்கியது. ஒருத்தி சுவரில் முகத்தை வைத்து அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, தேற்ற என்ன இருக்கிறது. கடைசியில் ஆமினாதான் பேசினாள்.

"சரி, ஏத்தட்டும். ஆனா ரெண்டு சங்கதி. காகிதத்துல பெண்கள் முடுக்குன்னே பேரு எழுதணும். அளக்குறேன்னு சொல்லி ஒரு ஆம்பளை உள்ள வரக் கூடாது. நம்ம முடுக்கை நம்மளே அளப்போம்."

ஹமீது சுல்தான் பெயருக்குச் சம்மதித்தான். "எழுதிர்றேன் பெரிய லாத்தா. நான் இருக்குற வரைக்கும் யாரையும் உள்ள விட மாட்டேன். எனக்குப் பெறகு எப்படின்னு சத்தியம் பண்ண முடியாது" என்றான். அந்த நேர்மை அவர்களுக்குப் பிடித்திருந்தது. வருத்தம் குறையவில்லை.

அளக்கிற அன்று காலை, முடுக்கு வாயில் ஓவர்சியர் முத்தழகு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் நோட்டு, தலைக்கு மேல் குடை. வெயிலுக்கு மட்டுமல்ல, பின்பக்கமும் மறையட்டும் என்று குடையைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். இருபது வருட உத்தியோகத்தில் இப்படி ஓர் அளவை அவர் எடுத்ததில்லை. பக்கத்தில் ஹமீது சுல்தான், அவனும் முதுகைக் காட்டிக்கொண்டு. துணி டேப்பைத் தரையில் வைத்துவிட்டு, அடி எது, அங்குலம் எது என்று முத்தழகு எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே சொல்லிக்கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த நூர் நிஷா எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தோட்டத்துக் கதவடியிலும் ஒரு அளவு. டேப்பின் பித்தளை வளையத்தை நஃபீசா எதிர்ச் சுவரில் வைத்துப் பிடிக்க வேண்டும், நூர் நிஷா கதவருகே நின்று எண்ணைப் படிக்க வேண்டும், நஃபீசா அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். வரிசையாக நின்ற பெண்கள் அதை வாய்க்கு வாய் முடுக்கு வாய் வரைக்கும் கடத்தினார்கள்.

"ஏழடி!"

"ஏழடி!" "ஏழடி!" என்று குரல் ஓடிப்போய், குடைக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏழடி, எழுதியாச்சும்மா" என்று திரும்பி வந்தது. பெண்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆமினாவின் மகள் வேண்டுமென்றே எண்ணை மாற்றிச் சொல்லப் போய்த் திட்டு வாங்கினாள். ஓர் இடத்தில் துவைகல் ஒன்று துருத்திக்கொண்டு அளவைக் கெடுத்தது. அந்த வீட்டுக்காரியே கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பிப் புரட்டிப் போட்டாள். முடுக்குக்கு அது கடைசித் திருவிழா என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள்.

பதினாலாவது கதவு நஃபீசாவுடையது.

நூர் நிஷா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நஃபீசா பின்னாலேயே நடந்து எதிர்ச் சுவரில் முதுகு முட்டியதும் வளையத்தை வைத்து அழுத்தினாள். டேப்பு விறைத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மகளைத் தாண்டி, திறந்த கதவைத் தாண்டித் தோட்டம். தோட்டத்தைத் தாண்டி நடுவீட்டின் பின்வாசல். அதைத் தாண்டி முற்றம், சீனி முகம்மதைக் கிடத்தியிருந்த இடம். எல்லாம் ஒரே நேராக இருந்தன. நடுவில் ஒரு திருப்பம்கூட இல்லை.

"ஏழடி நாலு அங்குலம், உம்மா" என்று படித்தாள் நூர் நிஷா.

சந்தூக்குக்கு ஆறடி போதும். அந்த எண் நஃபீசாவுக்கு மனப்பாடம், அவள் கேட்டு வாங்கிய எண். இங்கே ஏழடி நாலு அங்குலம். அன்றைக்கும் இந்த முடுக்கு இங்கேதான் இருந்தது. பின்வாசல் வழியாக எடுத்திருந்தால், நிமிர்ந்தபடி, தோளில் வைத்தபடி, கலிமா நிற்காமல் அவரைப் பள்ளிவாசல் தெருவுக்குக் கொண்டுபோயிருக்கலாம். பெண்களை ஒரு அரை நாழிகை உள்ளே போங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். ஆண்களுக்குத் தோன்றவில்லை, அவர்கள் முடுக்கைப் பார்க்கிறதே இல்லை. இவளுக்கு ஏன் தோன்றவில்லை? பிறந்ததிலிருந்து இதிலேயே நடந்தவளுக்கு? வரைபடத்தில் கோடு போட்ட ஓவர்சியரை அவள் திட்டியிருந்தாள். அதே கோடு அவள் தலைக்குள்ளும் இருந்திருக்கிறது.

"உம்மா, சொல்லும்மா, அடுத்தாளுக்குச் சொல்லணும்ல."

நஃபீசா வளையத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். டேப்பு தொய்ந்தது.

"பதினாலாவது எடம் என்னம்மா?" என்று குடைக்கு அந்தப் பக்கமிருந்து முத்தழகு கேட்டார்.

ஆமினா தங்கையிடம் வந்தாள். தங்கை பார்க்கிற திசையில் தானும் பார்த்தாள். கதவு, தோட்டம், பின்வாசல், முற்றம். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தங்கையின் கையிலிருந்த வளையத்தை வாங்கித் தானே சுவரில் வைத்து, முடுக்கு வாய்க்கே கேட்கும்படி சொன்னாள்.

"ஏழடி நாலு அங்குலம்!"

இந்தத் தடவை யாரும் அதைக் கடத்தவில்லை. "எழுதியாச்சும்மா" என்று ஒரு குரல்தான் வந்தது. அந்தக் குரலுக்குப் பக்கத்தில் ஹமீது சுல்தான் நின்றுகொண்டிருந்தான்.

எட்டு நாளில் அனுமதி வந்தது. கோடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு கோடுகள், நடுவில் பெண்கள் முடுக்கு என்று முத்தழகுவின் அழகான கையெழுத்து. ஹமீது சுல்தான் அஸர் தொழுகை முடிந்ததும் தானே எடுத்துக்கொண்டு வந்தான். நஃபீசா தோட்டத்தில் கல் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவன் காகிதத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அளந்த அன்றிலிருந்து அக்கா வீட்டுப் பக்கம் அவன் வந்திருக்கவில்லை.

"லாத்தா, ஒண்ணு சொல்லணும்" என்றான். "அன்னைக்கி நடையில சிக்குனப்ப நான் திரும்பிப் பாத்தேன். பின்வாசல் தெறந்துதான் கெடந்துச்சு. தோட்டத்துக் கதவும் தெறந்து கெடந்துச்சு. நான் பாத்தேன்."

நஃபீசா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பொம்பளைங்க நின்னாக. அதனால தலையக் குனிஞ்சுக்கிட்டேன். குனிஞ்சுக்கிட்டுத்தான் சாய்ங்கன்னு சொன்னேன்." ஊருக்கே சட்டம் போட்டவன், அக்கா முன்னால் நின்று குழந்தை மாதிரி அழுதான்.

"வாசல்ல நின்னது நான்தான் தம்பி" என்றாள் நஃபீசா. "நிலையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவுக போக வேண்டிய வழியில நான் நின்னிருக்கேன்."

அவள் முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்துவிட்டாள், சின்ன வயதில் துடைத்துவிட்டதைப் போல. பிறகு அவன் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, பிரிக்காமல் கல் குவியல்மேல் வைத்தாள். மதிலோரமாகப் போய், காலை அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே பின்வாசலும் தோட்டத்துக் கதவும் இருந்த கிழக்கு ஓரத்திலிருந்து உள்ளே வந்து நின்றாள்.

"இங்கன வரைக்கும் கட்ட வேணாம்னு கொத்தனார்கிட்டச் சொல்லு. இந்த ஆறடியை விட்டுத் தள்ளிக் கட்டட்டும்."

ஹமீது சுல்தான் திகைத்தான். "நூர் நிஷாவுக்கு ஒரு அறை போயிருமே லாத்தா. எதுக்கு? அவ வீடு முடுக்க ஒட்டித்தான நிக்கப்போவுது."

"அவ வீட்டுக்கு இல்ல. நடுவீட்டுக்கு. இதையும் அடைச்சுக் கட்டிட்டா நடுவீட்டு ஆளுக்கு மறுபடியும் அந்த நடைதான். ரெண்டரை சென்டுல அரை சென்ட் போனாலும் ரெண்டு மிச்சமிருக்கு. உன் சட்டத்துக்குப் பழுதில்ல. அவகிட்டயும் கேட்டுட்டேன், சரின்னுட்டா." அவள் பின்வாசலையும் தோட்டத்துக் கதவையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நான் இந்த வழியா நேராவே போறேன் தம்பி. என்னைய எடுக்குற அன்னைக்கி பொம்பளைங்கள உள்ள போகச் சொல்ல மறந்துராத."

அவன் தலையை ஆட்டினான். கொத்தனாரைப் பார்க்கக் கிளம்பியவன், முடுக்குக் கதவு பக்கத்திலேயே திறந்திருந்தும், வந்த வழியாகவே திரும்பிப் போனான். முன்வீட்டு நடையின் திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்று, சுண்ணாம்பு உதிர்ந்த அந்த இடத்தில் கையை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினான்.